தீவுத் தலைவரின் இரண்டு துண்டுகள்

சென்னிமலை ஆண்டவர் துணை

நடுத்திட்டு,
வைகாசி 22, வெள்ளிக்கிழமை,
1965.

மடத்துக்குளம் தண்டாயுதபாணி மாமா அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் அக்காள் தெய்வாத்தாளின் மூத்த மகள் சுப்பாத்தாள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அத்தையும் குழந்தைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே அம்மா, தங்கை சாரதாமணி, நான், வாத்துகள் எல்லோரும் சுகம். அப்பாவும் உடம்பைப் பொறுத்தவரை சுகம். மற்றதைக் கீழே எழுதுகிறேன். தயவு செய்து அத்தைக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டாம்.

நடந்ததில் முதலில் என் கண்ணில் பட்டது வாத்து. நம் வீட்டு வாத்து வெள்ளை என்று உங்களுக்குத் தெரியும். போன தீபாவளிக்கு நீங்கள் வந்தபோது சாரதா பிடித்துக்கொண்டுவந்து உங்கள் புது வேட்டியில் விட்டாளே, அதுதான். முந்தாநாள் புதன்கிழமை காலையில் வாசல் தெளிக்க வெளியே வந்தேன். வாத்து ஆற்றிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. கழுத்து வெள்ளை, முதுகு வெள்ளை, வயிற்றுக்குக் கீழே பச்சை. சீக்கு என்று நினைத்துத் தூக்கிப் பார்த்தேன். என் கையும் பச்சையானது.

இதை விளக்க வேண்டுமானால் அப்பாவின் அரசியலைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘எங்க மச்சான் யூனியன் சேர்மனையே ஆக்கிவைக்கப் போறாரு’ என்று அங்கே டீக்கடை வரைக்கும் சொல்லி வைத்திருப்பதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அப்பா பஞ்சாயத்துத் தலைவர் ஆன கதையை அவர் உங்களிடம் எப்படிச் சொன்னாரோ தெரியாது. அம்மா சொன்னது இது. முதல் தேர்தலுக்கு மனுக் கொடுக்கக் கடைசி நாளன்று நொய்யல் இரண்டு கரையும் முட்டிக்கொண்டு போனது. நிற்க ஆசைப்பட்டவர்கள் எல்லோரும் பரிசல் போகாமல் ஆற்று நடுவில் நம் திட்டிலேயே மாட்டிக்கொண்டார்கள். அப்பா மட்டும் முந்தின நாள் யாருக்கும் சொல்லாமல் திருப்பூருக்கு சினிமா பார்க்கப் போய், திரும்பி வர வழியில்லாமல் மனு வாங்கும் ஆபீஸ் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றிருக்கிறார். உள்ளேயிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, “நடுத்திட்டுல இருந்து யாராச்சும் வந்திருக்கீங்களா?” என்று கேட்டார். அப்பா, “நானுங்க” என்றார். அவ்வளவுதான், போட்டியில்லாமல் தலைவர். அம்மா அந்தச் சினிமாவுக்காகச் சண்டை போடத் தயாராக இருந்தாள். அப்பா கழுத்தில் மாலையோடு வந்து இறங்கினார்.

அடுத்த தேர்தலில்தான் பாலம் வந்தது. பாலம் என்றால் பேச்சில். “இலங்கைக்கு அடுத்தபடியா பேர் சொல்ற தீவு நம்முளுது, அதுக்குப் பாலம் வேண்டாமா?” என்று அப்பா மைக்கில் கேட்டது இரண்டு கரைக்கும் கேட்டது. அப்புறம் பெரிய மனிதர்கள் வந்து வந்து அடிக்கல் நாட்டிவிட்டுப் போனார்கள். வரிசையாக மூன்று கல் இருக்கிறது. நல்ல கருங்கல். துணி துவைக்க அதைப் போலக் கல் கிடையாது என்று சலவைப் பட்டறைக்காரர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். முதல் கல்லில் பெயர் தேய்ந்தே போய்விட்டது. நான் எழுதும் இந்தத் தாளின் தலைப்பில் சிவப்பு மையில் பாலத்தின் படம் போட்டிருப்பதைப் பார்த்து வேறு விதமாக எண்ண வேண்டாம். தேர்தலுக்கு அப்பா அச்சடித்ததில் மிஞ்சியது, வீட்டில் வேறு தாள் இல்லை.

பாலம் இல்லாததற்காக எனக்கு வெட்கம் இல்லை மாமா. என்னை மேடையில் ஏற்றினார், அதற்குத்தான். அப்போது திட்டுப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது முடித்து, வடகரைப் பெரிய பள்ளிக்கூடத்தில் ஆறாவது சேர்ந்திருந்தேன். நான்கு பேர் ஏறிட்டுப் பார்த்தால் எனக்குப் பெயர் மறந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். புத்தகப் பையோடு என்னை மைக்குக்குப் பக்கத்தில் நிறுத்தி, “இந்தப் பாலத்துல மொத ஆளா நடந்து பள்ளிக்கூடம் போகப் போறது என்ற பொண்ணு சுப்பாத்தா!” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். மறுநாள் காலையில் நான் வழக்கம் போலப் பரிசலுக்குப் போனேன். அப்பா ஓடி வந்து பிடித்துக்கொண்டார். “பரிசல்ல போனீன்னா பாலத்து மேல தலைவருக்கே நம்பிக்கை இல்லைன்னு பேசுவாங்க கண்ணு. சித்த நாள் பொறு. பாலம் வரட்டும்” என்றார். நானும் பொறுத்தேன். பொறுத்துப் பொறுத்து சலவைப் பட்டறையில் துணி மடிக்கும் வேலைக்குப் போய்விட்டேன். இந்த வருஷத் தேர்தலிலும் என்னை அதே பையோடு ஏற்றினார். எனக்கு இப்போது பதினாறு வயது. பை தோளில் ஏறவில்லை. கூட்டத்தில் யாரோ, “புள்ளைக்குக் கல்யாணமாகிப் பேரன் பேத்தியோட நடக்குமாட்ட இருக்குது!” என்றார்கள். அப்பாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். சிரித்துவிட்டு, “அதனாலென்னுங்க, சின்னவ சாரதாமணி இருக்கறா, அவ நடப்பா” என்று சாரதாவைத் தூக்கிக் காட்டினார்.

வருகிற திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. சாரதா ஆறாவது.

சேர்மன் தேர்தலில் என்ன ஆனதென்றால், சேர்மனுக்குக் கை தூக்க வேண்டிய ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர்கள் சரிபாதியாகப் பிரிந்து நின்றார்கள். ஒரு பாதி வடகரைக் குமாரவேல் பக்கம், அவர்களுக்கு மஞ்சள் துண்டு. மறு பாதி தென்கரை ரத்தினசாமி பக்கம், அவர்களுக்குப் பச்சைத் துண்டு. மிச்சம் நின்றது அப்பா ஒருவர். பட்டறைக் கூலிக்காரரான அப்பாவைப் பார்க்கப் பெரிய மனிதர்கள் தினமும் பரிசல் ஏறி வந்தார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். துணிக்கு அந்தப் பக்கம் அப்பாவும் குமாரவேலும் வந்து நின்றார்கள். என்னால் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று சொல்லவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை.

“சென்னியப்பண்ணா, உங்க கை ஒண்ணு போதும். வடகரைக்கும் திட்டுக்கும் பாலம். வருசம் திரும்பறதுக்குள்ள வண்டி வரும்” என்றார் குமாரவேல்.

“கை என்னங்க கை, காலும் உங்க பக்கந்தானுங்க” என்றார் அப்பா.

“சத்தியம்?”

“சென்னிமலை ஆண்டவர் மேல சத்தியமுங்க.”

மஞ்சள் துண்டைப் போர்த்திவிட்டுப் போனார். நான் மூச்சு விடுவதற்குள் ரத்தினசாமி வந்துவிட்டார். “அந்தக் குமாரவேலு வந்துட்டுப் போனானாமா?” என்று வந்ததும் கேட்டார்.

“பரிசல் வழி தப்பி வந்துட்டாருங்க” என்றார் அப்பா. மஞ்சள் துண்டு அதற்குள் எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. தென்கரைக்கு ஒரு பாலம், அதே ஆண்டவர், அதே சத்தியம், பச்சைத் துண்டு.

அவர் போன பிறகு அப்பா துணியை விலக்கினார். நான் நின்றிருந்தேன்.

“கண்ணு, நீ ஒண்ணும் பாக்கலை.”

“இல்லீங்கப்பா.”

“கேக்கவும் இல்லை.”

“இல்லீங்க.”

“ரெண்டு பக்கமும் பாலம் வந்துபோட்டா அப்பறம் இது திட்டே இல்ல கண்ணு. மெயின் ரோடு!” என்றார். மாமா, அப்பா முகம் அப்போது எப்படி இருந்தது தெரியுமா? ஒரு சூதும் இல்லை. நோம்பிக்குப் புதுச் சட்டை போட்ட குழந்தை மாதிரி இருந்தது. அதனால்தான் நான் கோபித்துக்கொள்ளவும் முடியாமல் நின்றேன்.

துண்டுகளை ஒளிக்க வேண்டும். அம்மா கண்டுபிடிக்காத இடம் நம் வீட்டில் கிடையாது. அரிசிப் பானையில் வைத்தால் அம்மா. பெட்டியில் வைத்தால் சாரதா. அப்பா யோசித்து, திருப்பூர் அர்த்தநாரி முதலாளியின் பனியன் கம்பெனியிலிருந்து சலவைக்கு வந்திருந்த துணிக் கட்டுக்குள் திணித்துவிட்டார். நீங்கள் வயல்காட்டுக்காரர், அதனால் சொல்கிறேன். பனியன் துணி மிஷினிலிருந்து இறங்கும்போது பழுப்பாக இருக்கும், கோரா என்பார்கள். அதைச் சோடாப் போட்டு அண்டாவில் வேகவைத்து வெளுத்துக் கொடுப்பதுதான் திட்டில் எல்லோருக்கும் பிழைப்பு. அந்தக் கட்டு வேக வேண்டிய முறை வெள்ளிக்கிழமை. தேர்தல் புதன்கிழமை. அப்பா போட்ட திட்டத்தில் தப்பே இல்லை. ஆனால் முதலாளி ‘அவசரம், உடனே வேண்டும்’ என்று ஆள் அனுப்பியது பட்டறையில் அண்டா பார்க்கும் நல்லானுக்குத்தான் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. பஞ்சாயத்துத் தலைவர் ஆனதிலிருந்து அப்பா பட்டறைப் பக்கம் அவ்வளவாகப் போவதில்லை. நல்லான் விடிவதற்கு முன்னால் இருட்டில் கட்டை அவிழ்த்து, இருந்ததை அப்படியே அண்டாவில் தள்ளி, அடியில் நெருப்பை மூட்டிவிட்டார். வெந்ததும் அண்டாத் தண்ணீரை வழக்கம் போல ஆற்றில் திறந்துவிட்டார்.

வாத்தைக் கீழே விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். நம் திட்டு முழுக்க, ஆற்று ஓரம் தொடங்கி மாரியம்மன் கோவில் வேம்பு வரைக்கும், ஒரு கொடி பாக்கியில்லாமல் துணி ஆடிக்கொண்டிருந்தது. மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக. சில இடத்தில் இரண்டும் கலந்து வேறொரு நிறம். அதற்குப் பெயர் எனக்குத் தெரியாது.

“நல்லாண்ணா, என்ன இது?” என்று ஓடினேன்.

“எனக்கென்ன கண்ணு தெரியும். அண்டாவத் தொறந்தா மாரியாத்தா நோம்பி மஞ்சத்தண்ணியாட்ட கெடக்குது. ஒரு ஓரம் பாசி. சரி, காயட்டும்னு போட்டுட்டேன்.”

“எல்லாத்தையும் எடுத்துருங்கண்ணா! இப்பவே!”

“ஈரமாவா? ஈரத்துணியக் குமிச்சு வெச்சா கறை விழுந்துரும் கண்ணு” என்றார் நல்லான், எனக்குத் தொழில் தெரியவில்லையே என்ற வருத்தத்துடன்.

அதற்குள் வடகரையில் குமாரவேலும் அவர் ஆட்களும் அப்பாவைத் தேர்தலுக்கு அழைத்துப் போக வந்துவிட்டார்கள். தென்கரையில் ரத்தினசாமியின் ஆட்கள். வடகரைக்காரர்கள் கண்ணில் பச்சைதான் பட்டது. “திட்டையே பச்சைக்காரன் வளைச்சுப்போட்டான்டா!” என்று கத்தினார்கள். தென்கரைக்காரர்கள் கண்ணில் மஞ்சள்தான் பட்டது. இரண்டு பரிசலும் ஒரே நேரத்தில் வந்து இடித்து நின்றன. எல்லோரும் இறங்கி வந்து பார்த்தால், நம் வீட்டு முன் கொடியில் அம்மாவின் சேலைக்குப் பக்கத்தில் இரண்டு துண்டும் ஜோடியாகத் தொங்குகின்றன. ஒன்றின் கரையில் ‘குமாரவேல்’, மற்றதில் ‘ரத்தினசாமி’ என்று நெய்திருந்தது. சாயம் போயிருந்தது. பெயர் போகவில்லை. நூல் நல்ல நூல்.

அப்பா சவரம் பாதியில் எழுந்து வந்தார். ஒரு கன்னத்தில் சோப்பு.

“அழுக்காயிருந்துச்சுங்க. வெளுத்து மரியாதையாப் போட்டுட்டு வரலாம்னு…” என்றார்.

“நேத்துப் போட்ட புதுத் துண்டு அதுக்குள்ள அழுக்காயிருச்சாக்கும்?” என்றார் குமாரவேல்.

“நெம்பப் பேரு கைபட்டதுங்களே” என்று அப்பா சொல்லிவிட்டார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

“ரெண்டு துண்டு வாங்கினவன் ரெண்டு பக்கமும் கை தூக்குவியாய்யா? உனக்கு எத்தனை கை?” என்று ரத்தினசாமி ஆட்களில் ஒருவர் கேட்டார். திட்டு ஜனம் முழுக்க வந்து நின்றுவிட்டது. அப்பா நாலா பக்கமும் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

“இவ செஞ்ச கோளாறுங்க. எதையும் எதோட சேத்துப் போடறதுன்னு தெரியாது. படிக்காத புள்ளைங்க, என்ன பண்றது” என்றார்.

மாமா, நான் பச்சைக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நின்றேன். சாரதாதான், அவளுக்கு எப்போதும் வாய் அதிகம், எல்லோருக்கும் கேட்கும்படி, “அக்கா படிச்சுட்டுத்தான் இருந்தா. நீங்கதான பாலம் வரட்டும்னு நிறுத்திப்போட்டீங்க!” என்றாள். கூட்டத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலாம் போல இருந்தது. அம்மா கொடியிலிருந்து தன் சேலையை மட்டும் உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு பரிசலும் அப்பாவை ஏற்றிக்கொள்ளாமலே போய்விட்டன. மேற்கே மழை முந்திக்கொண்டதால் தண்ணீர் இடுப்புக்கு மேல். நம் திட்டுப் பரிசல் அன்றைக்குப் பார்த்துத் தார் பூசிக் கவிழ்த்து வைத்திருந்தது. அப்பா ஒரு கன்னத்துச் சோப்போடு மூன்றாவது அடிக்கல் மேல் ஏறி நின்று, “ஏனுங்க! ஏனுங்க!” என்று இரண்டு கரைக்கும் மாறி மாறிக் கூப்பிட்டார். ஓட்டுப் போடவே அவரால் போக முடியவில்லை. அங்கேயும் மஞ்சளும் பச்சையும் சட்டை கிழியும் வரைக்கும் பேசிக்கொண்டதில் அதிகாரி தேர்தலைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்துவிட்டாராம். அன்றிலிருந்து அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். “இனி அரசியலும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்” என்று சுவரிடம் சொல்கிறார். வடகரையிலிருந்து பையன்கள், “தலைவரே, பட்டறையில இன்னிக்கு என்ன கலரு?” என்று கூவுகிறார்கள். எனக்குத் தண்ணீர் எடுக்கப் போகக்கூடக் கூசுகிறது.

ஆகையால் மாமா, நான் இதுவரை உங்களிடம் எதுவும் கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன். இந்த மானக்கேட்டுக்குப் பிறகு எந்தக் கரையிலிருந்தும் பாலம் வரப் போவதில்லை. அப்பாவோ தன் வாக்கு தோற்றது என்று ஊர் பார்க்க சாரதாவைப் பரிசலில் அனுப்ப மாட்டார். அவளும் என்னைப் போலப் பாலத்தைப் பார்த்துக்கொண்டே பட்டறைக்கு வந்து நிற்பாள். எனக்கு வந்தது எனக்கு. அவள் வாய் இந்தப் பட்டறைக்கு ஆகாது. அது படிக்க வேண்டிய வாய். நீங்கள் வந்து, அத்தைக்கு ஒத்தாசைக்கு என்று ஏதாவது சாக்குச் சொல்லி அவளை மடத்துக்குளத்துக்குக் கூட்டிப்போய் அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட வேண்டும். நான் எழுதினேன் என்று சொல்ல வேண்டாம். டீக்கடையில் சேர்மன் விஷயம் யாராவது கேட்டால் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு முத்தம். உங்கள் நெல்லும் கரும்பும் நன்றாக விளைய ஆண்டவரை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் கீழ்ப்படிதலுள்ள
சுப்பாத்தாள்.

பின்குறிப்பு: இன்று திங்கட்கிழமை சாயங்காலம். தபால்காரர் பரிசலுக்குப் பயந்து மூன்று நாளாக வராததால் கடிதம் இன்னும் என்னிடமே இருக்கிறது. மேலே எழுதியதில் பெரும்பாலானதை அடித்துவிட்டுப் படிக்கவும். அப்பா சேர்மன் ஆகிவிட்டார்.

நேற்று மத்தியானம் குமாரவேலும் ரத்தினசாமியும் ஒரே பரிசலில் வந்தார்கள். அப்பா அவர்களைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் போகப் பார்த்தார். “எந்திரிங்கண்ணா. நான் சேர்மனானா அவருக்கு ஆகாது, அவரு ஆனா எனக்கு ஆகாது. ரெண்டு பேருக்கும் சத்தியம் பண்ணின ஆளு ஜில்லாவுலயே நீங்க ஒருத்தருதான்” என்றார் குமாரவேல். “ரெண்டு பேரையும் ஒரே மாதிரி ஏமாத்தினவரு, ஒரு பக்கம் சாய மாட்டாரு” என்றார் ரத்தினசாமி. அப்பா எழுந்து உட்கார்ந்து, “ஜனங்க விருப்பம்னா நான் என்னங்க பண்றது” என்றார். அர்த்தநாரி முதலாளி வேறு, அந்தத் துணியில் குழந்தை பனியன் தைத்தால் அழகாக இருக்கிறதாம், அதே மாதிரி இன்னும் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். எப்படிச் செய்தோம் என்று நல்லானுக்குத் தெரியவில்லை.

இன்று காலையில் அப்பா புறப்படும்போது சாரதாவைக் கூப்பிட்டு, “இனிப் பாலம் நம்ம கையெழுத்துலதான் கண்ணு. அதுவரைக்கும் நீ பரிசல்ல போனீன்னா சேர்மனுக்கே நம்பிக்கை இல்லைன்னு பேசுவாங்க. சித்த நாள் பொறு” என்றார். அதே வார்த்தைகள் மாமா. அவளுக்கு வந்த கோபத்தில் தலையை மட்டும் ஆட்டினாள். அவரைப் பெரிய பரிசலில் ஏற்றி மாலை போட்டுக் கொண்டுபோனார்கள். திட்டு முழுக்கக் கரையில் நின்று கையாட்டியது.

ஆகையால் நீங்கள் வர வேண்டாம். நான் நல்லானைக் கூப்பிட்டு நம் பரிசலைத் திருப்பிப் போட்டு, சாரதாவை ஏற்றிக்கொண்டேன். துடுப்புப் பிடிக்க எனக்குத் தெரியும் என்று இன்றைக்குத்தான் திட்டில் எல்லோரும் பார்த்தார்கள். பரிசல் இரண்டு சுற்றுச் சுற்றியது, அப்புறம் போனது. தினமும் இப்படித்தான் கொண்டுபோய் விடப் போகிறேன். தண்ணீர் பெருகிவிட்டால் வடகரையில் நல்லானின் தங்கை வீட்டில் தங்கிக்கொள்வாள். பெரிய பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் மேஜைக்கு முன்னால் போய் நின்றோம். நான்கு பேர் ஏறிட்டுப் பார்த்தார்கள். அவர் பேனாவைத் திறந்து, “புள்ளை பேரு?” என்றார். சொன்னேன். “அப்பா என்ன பண்றாரு?” என்றார்.

சாரதா வாயைத் திறந்தாள். நான் அவள் கையைக் கிள்ளிவிட்டு, “சலவைப் பட்டறையில வேலைங்க” என்றேன்.